தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?

கேள்வி: வீட்டில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் டேங்க் வைத்து இன்றோடு 12 நாள் ஆகிறது. போர் தண்ணீர்தான். கடையில் சொன்னபடி இரண்டு நாள் ஃபில்டரை ஓடவிட்டு, 4 கோல்ட் ஃபிஷ், 6 மோலி விட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு கோல்ட் ஃபிஷ் செத்தது. நேற்று இன்னொரு கோல்ட் ஃபிஷும் ஒரு மோலியும் போய்விட்டன. மீதி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீரோ பளிச்சென்று இருக்கிறது. டிடிஎஸ் மீட்டரில் 720. ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் நார்மல். பிறகு ஏபிஐ கம்பெனியின் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்ததில் அம்மோனியா 1, நைட்ரைட் 0.25, நைட்ரேட் 10, பிஎச் 7.6, கேஎச் 13 சொட்டு. தண்ணீர் முழுவதையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சையும் கல்லையும் குழாயில் கழுவி, நீல மருந்து ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா? இந்த எண்களில் எதை நம்புவது?
மதுரைக்கு அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஃபில்டர் பஞ்சைக் கழுவாதீர்கள். நீல மருந்தும் வேண்டாம். இதைப் படித்த கையோடு பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மற்றதை அதன்பிறகு பேசலாம்.

உங்கள் டேங்கின் கன அளவு 56 லிட்டர். கல்லுக்கும் மேலே விட்ட இடைவெளிக்கும் போக, உள்ளே இருக்கும் தண்ணீர் 45 லிட்டர் அளவில்தான் இருக்கும். 20 லிட்டர் பக்கெட் நிறைய டியூபில் உறிஞ்சி எடுத்துவிட்டு, மொட்டை மாடித் தொட்டியில் ஏற்கனவே ஏறி நின்ற தண்ணீரை ஊற்றுங்கள். மோட்டார் போட்டவுடன் வரும் தண்ணீரை நேரடியாக ஊற்ற வேண்டாம்; காரணம் பின்னால் வருகிறது. வெயிலில் காய்ந்த தொட்டி என்றால் கையை விட்டுப் பாருங்கள், டேங்கின் சூட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. ஊற்றும்போது ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை இதே அளவு. அம்மோனியா 1 என்பது முதல் முறையில் 0.5க்கும் அடுத்த முறையில் 0.25க்கும் பக்கத்தில் வரும். ஏர் பம்ப் இருந்தால் ராத்திரி பகல் ஓடட்டும். இரண்டு நாளைக்குத் தீனி போடாதீர்கள். வளர்ந்த மீன் அதைத் தாங்கும்.

போர் தண்ணீர் மட்டும்தானா, கார்ப்பரேஷன் தண்ணீரும் அதே தொட்டியில் கலக்கிறதா, தொட்டியில் யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கலந்திருந்தால் குளோரின் இருக்கும். ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் கற்கண்டு 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால், 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) வரையிலான குளோரினுக்குப் போதும். உங்கள் 20 லிட்டர் பக்கெட்டுக்கு 0.2 கிராம், அதாவது ஒரு சிட்டிகை. பக்கெட்டில் கரைத்த பிறகுதான் டேங்கில் ஊற்ற வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். மீனின் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த மாற்றம் முழுதாக நடக்கும் நிலைக்கு டேங்க் வருவதைத்தான் ‘சைக்கிள் முடிவது’ என்பார்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பிஎச் 7.6, அதாவது தண்ணீரின் அமில, கார அளவு. ஏபிஐ கிட்டில் பிஎச் பாட்டில்கள் இரண்டு. சாதாரண பாட்டிலின் வண்ண அட்டை 6.0ல் தொடங்கி 7.6ல் முடிந்துவிடும். 5 கிலோவோடு முடியும் தராசில் 8 கிலோ பூசணிக்காயை வைத்தாலும் முள் 5லேயே நிற்கும் அல்லவா, அதுதான் இங்கே நடந்திருக்கிறது. 7.6 என்று காட்டினால் அதற்குப் பொருள் ‘7.6 அல்லது அதற்கு மேல்’ என்பதுதான். உடனே ஹை ரேஞ்ச் பாட்டிலை எடுக்க வேண்டும். அதன் அட்டை 7.4ல் தொடங்கி 8.8 வரை போகும். 5 மில்லி தண்ணீருக்கு 5 சொட்டு. சாதாரண பாட்டிலுக்கு 3 சொட்டு. கேஎச் 13 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேஎச் என்பது அமிலத்தைத் தாங்கி பிஎச்சை நிலையாக வைக்கும் கார்பனேட்டின் அளவு; ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. அவ்வளவு கேஎச் உள்ள தண்ணீர், காற்று நன்றாகப் படும் டேங்கில் பெரும்பாலும் 8க்கு மேல்தான் நிற்கும். 8.2 காட்டினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

7.6க்கும் 8.2க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். உங்கள் மீன்களின் உயிரே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அது தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், செவுளை அவ்வளவாகத் தாக்காது. இன்னொன்று கட்டற்ற அம்மோனியா, நச்சு இதுதான். எந்த வடிவில் எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரியில் பிஎச் 7.0 என்றால் மொத்தத்தில் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.7 சதவீதம். 7.6ல் 2.7 சதவீதம். 8.2ல் 10 சதவீதம். 8.4ல் 15 சதவீதம். ஆக, ‘அம்மோனியா 1’ என்ற அதே பச்சை நிறம், பிஎச் 7.6ல் 0.027 பிபிஎம் நச்சு, 8.2ல் 0.1 பிபிஎம் நச்சு. நெடுநாள் தாங்கக்கூடிய அளவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 0.02. 0.05ஐத் தாண்டினால் செவுள் புண்படத் தொடங்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது அதனால்தான். காற்று இருந்தும் அவற்றால் இழுக்க முடியவில்லை.

அதனால்தான் பிஎச்சும் அம்மோனியாவும் ஒரே நேரத்தில், ஒரே தண்ணீரில் பார்க்க வேண்டியவை. தனித்தனி நாளில் எடுத்த எண்களைச் சேர்த்து வைத்து முடிவு எடுக்காதீர்கள். வெப்பமானி இல்லையென்றால் அதையும் ஒன்று ஒட்டிவிடுங்கள். மதுரைக் கோடையில் டேங்க் 31, 32 டிகிரிக்குப் போவது சாதாரணம். அப்போது நச்சு வடிவத்தின் பங்கு இன்னும் ஏறும், கரைந்திருக்கும் ஆக்சிஜனோ இறங்கும்.

அடுத்து, ஸ்ட்ரிப் ‘எல்லாம் நார்மல்’ என்றது. அந்த டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிஎச், கேஎச், ஜிஎச் (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை), நைட்ரைட், நைட்ரேட், குளோரின் என்று ஆறு கட்டம் இருக்கும். அம்மோனியாவுக்குக் கட்டமே இருக்காது. ஆறு-இன்-ஒன் ஸ்ட்ரிப் பலவற்றின் நிலை இதுதான். புதிய டேங்கில் முதல் இரண்டு வாரம் மீனைக் கொல்லும் பொருள் எதுவோ, அதை மட்டும் அது பார்ப்பதில்லை. ஆனாலும் தூக்கி எறிய வேண்டாம், குளோரின் பார்க்க அது உதவும்.

டிடிஎஸ் மீட்டர் ஆர்ஓ மெஷின் சர்வீஸ் ஆட்களால் நம் வீடுகளில் பிரபலமாகிவிட்டது. அது அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான். அதிலிருந்து மொத்த உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 720ல் கால்சியம் எவ்வளவு, சாப்பாட்டு உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மீனைக் கொல்லும் 1 பிபிஎம் அம்மோனியா அந்த எண்ணில் கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்துகொள்ளும். 720 மோலிக்கு ஒரு பிரச்சினையே இல்லை, கோல்ட் ஃபிஷும் வாழும். டிடிஎஸ்ஸைக் குறைக்கிறேன் என்று ஆர்ஓ கேன் தண்ணீரை ஊற்ற யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

இதில் ஆர்ஓ தண்ணீரிலேயே டேங்க் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் கேஎச் ஏறக்குறைய இல்லை. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகி கேஎச்சைத் தின்னும்; 1 பிபிஎம் அம்மோனியாவுக்கு கேஎச்சில் மூன்றில் ஒரு பங்கு டிகிரி போகும். கேஎச் 13 இருக்கும் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. கேஎச் 1 இருப்பவருக்கு 3 பிபிஎம்மோடு கதை முடிந்தது: பிஎச் 6க்குக் கீழே சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா ஏறிக்கொண்டே போகும், ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அம்மோனியமாகக் கிடக்கும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் ‘தண்ணீர் மாற்றி ரொம்ப நாளாச்சே’ என்று பிஎச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதி ஊற்றுவார்கள். கிடந்த அம்மோனியம் அந்த நிமிடமே நச்சாக மாறி, சாயங்காலத்துக்குள் டேங்க் காலி. தண்ணீர் மாற்றியதால் மீன் செத்தது என்பார்கள். முதலில் அம்மோனியாவைப் பார்த்துவிட்டு, பத்துப் பத்து சதவீதமாக மாற்றியிருந்தால் இது நடக்காது. ஆர்ஓவும் போர் தண்ணீரும் கலப்பதே நல்லது. கேஎச்சும் ஜிஎச்சும் கலந்த விகிதத்திலேயே வரும்: 13 உள்ள தண்ணீரும் 1 உள்ள தண்ணீரும் சம பாதி என்றால் 7.

நீங்கள் இன்னும் சோதிக்காத தண்ணீர் ஒன்று இருக்கிறது. அதுதான் உங்கள் போர் தண்ணீர். டேங்கில் நைட்ரேட் 10 என்கிறீர்கள். அது பாக்டீரியா உண்டாக்கியதா, போரிலேயே வந்ததா? விவசாய நிலத்தையோ பழைய செப்டிக் டேங்கையோ ஒட்டிய போரில் நைட்ரேட் 40, 50 இருப்பதும் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரம் வைத்திருக்கும் உச்ச வரம்பே 45. போரிலேயே 10 இருந்தால் உங்கள் டேங்க் இன்னும் நைட்ரேட்டையே உண்டாக்கவில்லை என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘நைட்ரேட் வந்துவிட்டது, சைக்கிள் முடிந்தது’ என்று புது மீன் வாங்கி வருபவர்கள் நிறையப் பேர்.

போர் தண்ணீரைச் சோதிக்கும்போது இரண்டு முறை பார்க்க வேண்டும். குழாயிலிருந்து வந்தவுடன் ஒரு முறை. ஒரு பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டு இன்னொரு முறை. பூமிக்குள் இருந்து வரும் தண்ணீரில் கார்பன் டைஆக்சைடு அதிகம் கரைந்திருக்கும், அதனால் வந்தவுடன் பிஎச் 7.2 என்று சாதுவாகக் காட்டும். காற்றுப் பட்டு அது வெளியேறியதும் 8.2க்கு ஏறும். டேங்கில் நிற்கப் போவது அந்த இரண்டாவது எண். மோட்டார் தண்ணீரை நேரே ஊற்ற வேண்டாம் என்றதும் இதனால்தான். மீன் உள்ளே இருக்கும்போது இந்த ஏற்றம் நடந்தால், குறைந்த பிஎச்சில் அடங்கிக் கிடந்த அம்மோனியா சில மணி நேரத்தில் விஷமாகும்.

சோதனை செய்யும் விதத்தில் நடக்கும் பிழைகளைச் சொல்லாமல் எண்களை மட்டும் பேசுவது வீண். கண்ணாடிக் குழாயை டேங்க் தண்ணீரிலேயே மூன்று முறை அலசுங்கள். தண்ணீரை மேல்பரப்பிலிருந்து எடுக்காமல், கையை விட்டு நடு ஆழத்திலிருந்து எடுங்கள். குழாயில் தண்ணீரின் மேல்மட்டம் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடி 5 மில்லிக் கோட்டைத் தொட வேண்டும். சொட்டு பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு சிறுத்தும் பெருத்தும் விழும், நேர் தலைகீழாகப் பிடியுங்கள். குலுக்கும்போது கட்டை விரலால் வாயை மூடாதீர்கள். வியர்வையிலும் அம்மோனியா உண்டு, அதோடு அந்த மருந்து தோலுக்கும் ஆகாது. மூடிகளை மாற்றிப் போடாமல், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குழாய் என்று ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

அம்மோனியாவுக்கு முதல் பாட்டிலில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, 5 விநாடி வேகமாகக் குலுக்கி, போனில் 5 நிமிடம் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். இந்த 5 நிமிடம் முக்கியம். முதலில் எல்லாமே மஞ்சளாகத்தான் நிற்கும். நேரம் போகப் போகத்தான் பச்சை ஏறும். இரண்டாவது நிமிடத்தில் பார்த்து ‘ஜீரோ’ என்று எழுதிவிடுவார்கள். அரை மணி நேரம் மறந்துவிட்டுப் பார்த்தாலும் எண் தப்பு. படிக்கும் வெளிச்சமும் அப்படித்தான். டேங்கின் நீல எல்இடி அடியில் மஞ்சளும் பச்சையும் பிரியவே பிரியாது. ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், அட்டையின் வெள்ளைப் பகுதியில் குழாயை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ராத்திரி என்றால் வெள்ளை டியூப் லைட்.

0 என்ற மஞ்சளுக்கும் 0.25 என்ற இளம்பச்சைக்கும் இடையில் பலருக்குச் சந்தேகம் வரும். அதற்கு வழி இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் ஒரு குழாய், டேங்க் தண்ணீரில் ஒரு குழாய், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்ஓ குழாயின் நிறம்தான் உங்கள் கிட்டின், உங்கள் கண்ணின் ஜீரோ. டேங்க் குழாய் அதைவிடப் பச்சையாக இருந்தால் அம்மோனியா இருக்கிறது.

நைட்ரைட் எளிது: 5 சொட்டு, குலுக்கல், 5 நிமிடம். வான நீலம் என்றால் இல்லை. ஊதா ஏற ஏற அதிகம். சொட்டு விழுந்த கணமே குழாயின் அடியில் கரும் ஊதாவாகப் பரவினால், அட்டையின் 5ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது 1 மில்லி டேங்க் தண்ணீரோடு 4 மில்லி ஆர்ஓ தண்ணீர் கலந்து மறுபடி பார்த்து, வரும் எண்ணை 5ஆல் பெருக்குங்கள். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் மெடிக்கலில் கிடைக்கும்.

இந்தக் கிட்டிலேயே அதிகம் ஏமாற்றுவது நைட்ரேட் சோதனை. இரண்டாவது பாட்டிலில் உள்ள மருந்து அடியில் கட்டியாகப் படிந்துகொள்ளும். முதல் பாட்டிலில் 10 சொட்டு விட்டுக் கலக்கிய பிறகு, இரண்டாவது பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். புதிதாகத் திறந்த பாட்டிலையோ நெடுநாள் கிடந்ததையோ அதற்கு முன் மேஜையில் நாலு தட்டுத் தட்டுங்கள். பிறகு 10 சொட்டு விட்டு, குழாயை ஒரு நிமிடம் முழுக்கக் குலுக்கி, 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். குலுக்கலில் சோம்பினால் 40 இருக்கும் தண்ணீரும் 5 என்று காட்டும். இன்னொன்றும் உண்டு. இந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. டேங்கில் ஏற்கனவே நைட்ரைட் இருந்தால் அதுவும் சேர்ந்து தெரியும். ஆகவே நைட்ரைட் உச்சத்தில் இருக்கும் நாட்களில் நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம், சோதிக்கவும் வேண்டாம். சோதித்த தண்ணீர் எதையும் டேங்கில் திருப்பி ஊற்றக் கூடாது. பாட்டில்கள் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், வெயில் படாமல் இருக்கட்டும்.

இப்போது கடைக்காரர் யோசனை. உங்கள் எண்களில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த நைட்ரைட் 0.25. போரில் நைட்ரைட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டால், அம்மோனியாவைத் தின்னும் முதல் பாக்டீரியா உங்கள் டேங்கில் குடியேறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அவை மிதக்கும் தண்ணீரில் இருப்பது சொற்பம். பஞ்சின் துளைகளிலும் கல்லின் மேலும்தான் ஒட்டி வாழ்கின்றன. அதனால் தண்ணீரை மாற்றுவது அவற்றுக்கு நட்டமில்லை. பஞ்சையும் கல்லையும் குழாயில் கழுவினால், 12 நாள் காத்திருந்து கிடைத்ததைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறீர்கள். மெத்திலீன் புளூ என்ற அந்த நீல மருந்தும் இந்தப் பாக்டீரியாவைத் தாக்கும். கூடவே தண்ணீரை நீலமாக்கி, நிறம் பார்த்துச் செய்யும் சோதனைகளையும் கெடுக்கும். பூஞ்சை பிடித்த முட்டைக்கோ தனி டப்பாவில் வைத்த நோய் மீனுக்கோ அது நல்ல மருந்து. உங்கள் மீன்களுக்கு வந்திருப்பது நோய் இல்லை, நஞ்சு.

பஞ்சு அடைத்துக்கொண்டு தண்ணீர் வரத்து குறைந்தால் மட்டும், டேங்கிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை லேசாக அமுக்கி எடுத்துத் திருப்பிப் போடுங்கள். ஃபில்டரை ராத்திரி நிறுத்துகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சத்தத்துக்காக நிறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க இந்தப் பாக்டீரியாவுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஓட்டம் நின்ற பஞ்சுக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். தினமும் எட்டு மணி நேரம் மூச்சை நிறுத்தினால் சைக்கிள் எப்போதும் முடியாது.

இனி வரப் போவதைச் சொல்கிறேன். அம்மோனியா இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். அது அம்மோனியாவைவிடப் பெரிய எண்ணாக வந்தால் பதற வேண்டாம். 1 பிபிஎம் அம்மோனியா முழுதாக மாறினால் 2.7 பிபிஎம் நைட்ரைட் ஆகும், நைட்ரேட்டாகப் போனால் 3.6. அணுக்களின் எடைக் கணக்கு அது. ஆனால் நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய், ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். செவுள் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். இதற்குக் கல்லுப்பு கைகண்ட மருந்து. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் நுழையும் அதே வாசலை அடைத்துக்கொள்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும். நைட்ரைட்டைப் போல் பத்து மடங்கு குளோரைடு வேண்டும் என்பது கணக்கு. ஆக 6 பிபிஎம் நைட்ரைட் வரை இது காக்கும். உங்கள் டேங்குக்கு நாலரை கிராம். ஒரு முறை போட்டால் போதும், பிறகு மாற்றும் தண்ணீருக்கு மட்டும் அதே விகிதத்தில் சேர்க்க வேண்டும். உப்பு அம்மோனியாவுக்கு எதுவும் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் ஒரே நேரத்தில், தீனிக்கு முன்னால் பாருங்கள். ஹை ரேஞ்ச் பிஎச் வாரம் மூன்று முறை, கேஎச் வாரம் ஒரு முறை. தேதி, நேரம், வெப்பம், எண்கள், எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தண்ணீர் மாற்றியதை எழுதாவிட்டால் எண் இறங்கியது பாக்டீரியாவாலா பக்கெட்டாலா என்று பத்து நாள் கழித்துத் தெரியாது. உங்கள் பிஎச்சில் அம்மோனியா 0.25ஐத் தாண்டினாலும் நைட்ரைட் 0.5ஐத் தாண்டினாலும் அன்றே பாதித் தண்ணீர். இல்லையென்றால் கை வைக்க வேண்டாம். தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

பிஎச்சைக் குறைத்துவிட்டால் அம்மோனியா அடங்கிவிடுமே என்று பிஎச் டவுன், எலுமிச்சை, பாதாம் இலை என்று போகாதீர்கள். கேஎச் 13 அந்த அமிலத்தை எல்லாம் விழுங்கிவிட்டு மறுநாள் பழைய இடத்துக்கே பிஎச்சைக் கொண்டுவரும். ஏறி இறங்கும் பிஎச்சைவிட நிலையாக 8.2ல் நிற்பது மோலிக்கு எவ்வளவோ மேல். மோலி கடினத் தண்ணீர் மீன்தான்.

பாட்டில் பாக்டீரியா வாங்கலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அமெரிக்காவில் திமதி ஹோவனெக் குழு 1998ல் மீன் தொட்டி ஃபில்டர்களை ஆராய்ந்தபோது அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு பாக்டீரியா என்று கண்டது. 2015ல், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை ஒரே ஆளாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகையே கண்டறியப்பட்டது. லேபிளில் எந்தப் பெயர் இருந்தாலும், லாரியிலும் குடோனிலும் 40 டிகிரியில் கிடந்த பாட்டிலில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊற்றினால் கெடுதல் இல்லை. ஊற்றிவிட்டோம் என்று சோதனையை நிறுத்துவதுதான் கெடுதல். அதைவிட நம்பகமான வழி, ஆறு மாதமாக மீன் சாகாமல் ஓடும் டேங்க் வைத்திருக்கும் நண்பரிடம் பழைய பஞ்சில் பாதி கேட்டு வாங்குவது. அந்த டேங்க் தண்ணீரிலேயே நனைத்துக் கொண்டுவந்து, ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் ஃபில்டரில் சொருகிவிடுங்கள். கடையிலிருந்து பஞ்சு வாங்காதீர்கள், பல ஊர் மீனின் நோயும் கூட வரும்.

இதைப் படித்துவிட்டு மீன் இல்லாமலே தொடங்க நினைப்பவர்களுக்கு அம்மோனியம் குளோரைடு சிறந்தது. நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதுதான், ஆனால் சுத்தம் தெரியாது; லேப் கெமிக்கல் கடையில் வாங்குங்கள். 3 கிராமை 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்தால், 10 லிட்டருக்கு 1 மில்லி ஊற்ற 1 பிபிஎம் வரும். 45 லிட்டருக்கு 9 மில்லி ஊற்றினால் 2 பிபிஎம். அது 0.5க்கு இறங்கும்போதெல்லாம் மறுபடி 2க்கு ஏற்றுங்கள். நைட்ரைட் 5ஐ எட்டினால் அது இறங்கும்வரை ஊற்றுவதை நிறுத்தி வையுங்கள். 2 பிபிஎம் ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ ஆனால் டேங்க் தயார். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் முன்னதாகவும் முடியலாம்.

உங்கள் டேங்கில் மிஞ்சியிருக்கும் இரண்டு கோல்ட் ஃபிஷையும் கடையிலோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுத்துவிடுங்கள். 45 லிட்டர் அவற்றுக்கு எந்தக் காலத்திலும் போதாது. அவை போனாலே அன்றாடம் உண்டாகும் அம்மோனியா பெரும்பகுதி குறையும். ஐந்து மோலியை வைத்தே சைக்கிளை முடிக்கலாம்.

தண்ணீர் மாற்றாமலே அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏழு நாள் தொடர்ந்து ஜீரோவாக நின்று, நைட்ரேட் உங்கள் போர் தண்ணீரின் எண்ணைவிட ஏறியிருந்தால் முடிந்தது என்று கொள்ளுங்கள். அதன்பிறகு வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை 40க்குக் கீழே வைத்தால் போதும். புது மீன் ஒரு நேரத்தில் இரண்டுதான். விட்ட பிறகு நாலு நாள் அம்மோனியா பாருங்கள், 0.25 காட்டினால் அடுத்த ஜோடியை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.